எட்டுக் கமராவுக்கு எட்டுப் பெட்டி

அன்பின் சிசிலியா,

நான் காவல் பார்க்கும் இந்த ரொறன்ரோக் கட்டடத்தின் சரித்திரத்தில் பெரிய முடிவொன்று எடுக்கப்பட்டது. எட்டுக் கமராவுக்கும் ஒரே பவர் பெட்டியா, தனித்தனிப் பெட்டியா என்பதே கேள்வி. நீரும் மகள் ஸ்ரெல்லாவும் சுகந்தானே? எனக்குக் குளிரைத் தவிரக் குறையில்லை.

வயரிங் செய்யும் சண்டிலிப்பாய் நமசிவாயம் அண்ணை, "எட்டு வாங்கினால் ஒண்டு பழுதாகும்" என்றார்.

"ஒண்டுதானே அண்ணை? எங்கடை ஊரிலை ஒரு ரான்ஸ்போமர் போய் எல்லா வீடும் இருட்டு" என்றேன் நான்.

முதலாளி என் பக்கம் சாய்ந்தார், வேலையையும் நிரந்தரமாக்கினார். இனி உங்களைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். அதுவரை, கரண்ட் இல்லாவிட்டால் சைக்கிள் டைனமோவைச் சுற்றியாவது ஸ்ரெல்லாவின் குரலைக் கசெற்றில் பதிந்து அனுப்பும். பின்னால் கோயில் மணி கேட்டாலும் நிறுத்த வேண்டாம்.

இன்று ஒரு பெட்டி எரிந்துவிட்டது. என் மேசையைப் பார்க்கும் கமராவினுடையது. வேலை நேரத்தில் கடிதம் எழுதத் தடை. அண்ணை புதுப் பெட்டியோடு படியேறி வருகிறார்.

லியோன்