மீசான் கல் இல்லாத இடம்

அன்புள்ள உனக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பாலக்காட்டில் நீயும் உன் உம்மாவும் நலமா? தமிழில் எழுதி நாளாகிவிட்டது, என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

வக்ஃப் சொத்தையெல்லாம் அரசாங்கம் மறுபடி பதியச் சொல்கிறது அல்லவா? நம் மட்டாஞ்சேரிப் பள்ளிவாசலின் கபரஸ்தானுக்குப் பத்திரம் கிடையாது. யாரோ வாய்ச்சொல்லாகக் கொடுத்த நிலம். வெள்ளைக்காரன் காலத்தில் அளக்க வந்தவன் அதைப் புறம்போக்கு என்று எழுதிவிட்டுப் போனான். இன்றைக்கும் அவன் எழுதியதுதான் செல்லுமாம்.

"இக்கா, இங்கே ஆளை அடக்கினதுக்கு ஆதாரம் வேணும்," என்றார் நிலம் பார்க்க வந்த அதிகாரி. பள்ளியின் பதிவேடுகள் வெள்ளத்தில் போய்விட்டன. ஜமாஅத்தார் என்னைப் பார்த்தார்கள். பீரோவில் உன் சேலைக்கடியில் இருந்த அடக்கச் சீட்டை எடுத்துவந்து கொடுத்தேன். நம் மகள் பெயரை அதிகாரி உரக்க வாசித்தார்.

"எவிடெயா? ஸ்தலம் காட்டுங்க."

கபர் தலைமாட்டில் அடையாளமாக மீசான் கல் ஒன்று நடச் சொல்லி நீ அன்று அழுதாய். சின்னப் பிள்ளைக்கு எதற்குக் கல், இடம் எனக்குத் தெரியாதா என்றேன்.

இந்த மழையில் மண்ணெல்லாம் ஒரே மட்டமாகிக் கிடந்தது. குழி வெட்டியவரும் இப்போது ஊரில் இல்லை. எல்லாரும் காத்து நின்றார்கள். தென்னையோரம் ஓரிடத்தைக் காட்டினேன். அதிகாரி நிலப்படத்தில் சிவப்பு மையால் புள்ளி வைத்துக்கொண்டார்.

அரசாங்கப் படத்தில் நம் பிள்ளை இனி அங்கேதான் இருக்கிறாள். நீ வந்து கேட்டால் நானும் அந்த இடத்தைத்தான் காட்டுவேன். எனக்கு வேறு இடம் தெரியாது.

உன் மச்சான்