வெல்லத்துக்குப் போட்ட கல்யாண வெளிச்சம்

கொழிஞ்சாம்பாறை
21.7.2025

அன்புள்ள சங்கரிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாய். போன் போட்டால் போகவில்லை. வாட்ஸப்பில் உன் படம் இல்லை. நீ என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்று புரியவே எனக்கு நாலு நாள் ஆயிற்று. சித்தூர் காலேஜில் நீ எனக்கு வைத்த ‘மரமண்டை’ என்ற பெயர் வீண்போகவில்லை.

அதனால்தான் தபால். போஸ்ட் ஆபீசில் உறை கேட்டதும் அங்கே வேலை பார்க்கும் லிஜி சிரித்தாள். எங்கள் வீட்டுக்காரரும் விடவில்லை. “ஏம்புள்ள, ஊருக்கெல்லாம் போன்ல ஏவாரம் பண்ணச் சொல்லிக் குடுக்கறவ நீயி. கடைசில கடுதாசியா?” என்றார்.

சண்டை என்னவென்றாவது சொல். போன மாதம் மறையூர் வந்து நீங்கள் வெல்லம் காய்ச்சும் ஆலைப்புரையில் இரண்டு நாள் நின்று படமெடுத்தேன். கரும்புச்சாறு கொதிப்பது, சாந்தம்மாள் அக்கா வெல்லத்தைக் கையால் உருட்டுவது, ஒன்றையும் விடவில்லை. காசில்லாமல் உனக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். மேப்பில் புரையைக் குறித்தேன். ஓணத்துக்கு முன்னால் புதிதாக நாலு கடைக்காரர்கள் உன்னை அறியட்டும் என்று, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு தினம் விளம்பரமும் போட்டேன். மூன்றே நாளில் நூறு கமெண்ட்டுக்கு மேல்! கல்யாண ஆல்ப வேலை கழுத்தை நெரித்ததில் உட்கார்ந்து படிக்க நேரமில்லை. எண்ணிக்கையைப் பார்த்தே துள்ளிக் குதித்தேன். நாலாம் நாள் பக்கமும் இல்லை, நீயும் இல்லை.

நான் என்ன தப்பு செய்தேன்? திட்டியாவது எழுது.

உன்
செல்வப்பிரியா


மறையூர்
28.7.2025

பிரியாவுக்கு,

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன்.

அந்தக் கமெண்ட்டுகளை நீ எண்ணினாய், நான் படித்தேன். “மறையூர் வெல்லம் கறுத்துத்தான் இருக்கும். இது மஞ்சள். மருந்து போட்ட சரக்கு” என்று ஒருவர் தொடங்கினார். அத்தனை பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கறுப்புதான் எங்கள் வெல்லத்தின் அடையாளம். பளபளவென்று மஞ்சளாக இருந்தால் கலப்படம் என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நீ அதைப் பொன் மாதிரி மின்ன வைத்துவிட்டாய்.

தொடுபுழையில் கடை வைத்திருக்கும் டிஜோ மூன்று வருஷமாக ஓணத்துக்கு எங்களிடம்தான் வாங்குகிறார். அவர் கூப்பிட்டு, “சேச்சி, நிங்களும் மருந்து சேர்க்கத் தொடங்கியோ? இந்த ஓணத்துக்கு வேண்டா கேட்டோ” என்று போனை வைத்துவிட்டார். பக்கத்துப் புரைக்காரர்கள் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். எங்கிருந்தோ வெல்லம் இறக்கி மறையூர்ப் பெயரில் விற்கிற வியாபாரி ஒருவன் எங்கள் புரையைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எங்கள் வீட்டுக்காரர் இத்தனை நாளும் அவனை அண்ட விட்டதில்லை. இப்போது, “ஓணச் சரக்கு போகலைன்னா புரையை அவன்கிட்டயே விட்டுட்டு மூணாறுல ஜீப்பு ஓட்டப் போறேன், ஆளை விடு” என்கிறார். இந்தப் புரை போனால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாக நெஞ்சில் கிடப்பது. என் கல்யாண ஆல்பமும் நீ செய்ததுதான். காசு வாங்காமல் செய்தாய், அதனால் வாயை மூடிக்கொண்டேன். அதில் என் புருஷன் பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரி யார்? போன வருஷம் என் மகள் மோனிஷா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “அப்பா பக்கத்துல நிக்கிற ஆன்ட்டி யாரும்மா?” என்று கேட்டாள். நான் கறுப்பு, பிரியா. கறுப்பாகத்தான் மணவறையில் உட்கார்ந்தேன். நானும் என் வெல்லமும் இருக்கிறபடியே இருந்தால் உன் கண்ணுக்குப் போதாதா?

பதில் போட வேண்டாம்.

சிவசங்கரி


கொழிஞ்சாம்பாறை
2.8.2025

சங்கரி,

வேண்டாம் என்றாய். போடுகிறேன்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே மூன்று முறை படித்தேன். பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

என் போனில் நிறத்தை வெளுத்து மின்ன வைக்கும் ஒரு செட்டிங் இருக்கிறது. அதற்குக் ‘கல்யாணம்’ என்றே பெயர் போட்டு வைத்திருக்கிறேன். மணப்பெண் படம் எதுவானாலும் அதைத் தட்டிவிட்டுத்தான் அடுத்த படத்துக்குப் போவேன். கேட்கிறவர்களுக்கும் போடுவேன், கேட்காதவர்களுக்கும் போடுவேன். உன் வெல்லத்துக்கும் அதையேதான் தட்டினேன். ஒரு நொடி யோசித்திருந்தால்கூட மனம் ஆறும். யோசிக்கவே இல்லை. நீ மணவறையில் இருந்தபோதும் அப்படித்தான். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை என் பக்கத்தில் இரண்டு படங்களையும் அருகருகே போட்டேன். நான் கெடுத்தது ஒன்று, கை வைக்காதது ஒன்று. கீழே தமிழிலும் மலையாளத்திலும், “மறையூர் வெல்லம் கறுப்புதான். மஞ்சளாக்கியது நான், என் போனில். அந்தப் புரையில் யாரும் எதையும் கலக்கவில்லை” என்று எழுதி, என் பெயரும் நம்பரும் போட்டேன். மலையாளத்தை லிஜி திருத்திக் கொடுத்தாள். “உன்ற பொழப்புல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கறயே புள்ள” என்று வீட்டுக்காரர் பதறினார். மத்தியானத்துக்குள் ஒரு ஜவுளிக்கடை எனக்குக் கொடுத்திருந்த விளம்பர வேலையை நிறுத்திவிட்டது. போகட்டும்.

இனி விளம்பரத்துக்கு ஒரு பைசா போடாதே. பாகை ஊற்றி உருட்டும்போது ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் போனைச் சாய்த்து வை. எடுத்த வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே உன் பக்கத்தில் போடு. முன்பு வாங்கியவர்களிடம் அவர்கள் வைத்த பாயசத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் போடு. அவர்கள் சொன்னால் ஊர் நம்பும். நான் சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

இதற்குள் இன்னொரு சின்ன உறை இருக்கிறது. உன் கல்யாணப் படம். நான் தொடாமல் பழைய கார்டில் கிடந்தது. எடுத்தபடியே பிரிண்ட் போட்டேன். பார்க்கத் தோன்றும்போது பார்.

மன்னிப்பாயா?

பிரியா


மறையூர்
11.8.2025

பிரியாவுக்கு,

வியாபாரச் செய்தி மட்டும்.

பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். எங்கள் வீட்டுக்காரரே வாளியைக் கவிழ்த்துப் போனை வைத்தார். இரண்டு முறை போன் சரிந்து, படத்தில் கூரைத் தகரம் மட்டும் பதிந்தது. மூன்றாவது முறை சாந்தம்மாள் அக்காவின் கை நன்றாகப் பதிந்தது. உருண்டையில் அவள் விரல் தடம் ஐந்தும் தெரிகிறது. நடுவில், “ஏய், மூஞ்சிய எடுக்காதீக, நான் தலையே சீவல” என்று அவள் கத்துகிறாள். வெட்டாதே என்றாய், வெட்டவில்லை. ஜனங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

டிஜோ இன்னும் கூப்பிடவில்லை. வியாபாரி நேற்றும் வந்து போனான்.

சின்ன உறையைப் பிரிக்கவில்லை. பீரோவில் இருக்கிறது.

சிவசங்கரி


மறையூர்
9.9.2025

அன்புள்ள மரமண்டைக்கு,

அப்பாடா! இதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

போன கடிதத்தைப் போட்ட மூன்றாம் நாள் டிஜோ நேரிலேயே வந்து நின்றார். உன் இரண்டு படங்களையும் யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். கொப்பரையைப் பார்த்தார், ஓர் உருண்டையை உடைத்து வாயில் போட்டார், “சேச்சி, ஷெமிக்கணும் கேட்டோ” என்று மன்னிப்புக் கேட்டார். பழைய ஆர்டரைப் போல இரண்டு பங்கு ஏற்றிக்கொண்டு போனார். பாயசப் படங்கள் வரத் தொடங்கியதும் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் கேட்டார்கள். ஓணத்தின் தலைநாளான உத்திராடத்துக்கு முந்தின நாளே புரை காலி. பக்கத்துப் புரைக்காரர்களிடம் வாங்கிக் கொடுத்தோம், அவர்கள் முகமும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. வியாபாரி வந்தபோது எங்கள் வீட்டுக்காரர் அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, “மூணாறு ஜீப்பை வேற யாராச்சும் ஓட்டிக்கிடட்டும்” என்று அனுப்பிவைத்தார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பார்சலில் உனக்கு வெல்லம் இருக்கிறது. படமெடுக்காமல் தின்னு. போன ஜவுளிக்கடை போகட்டும். டிஜோ தன் கடைக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்கிறார். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

உன் நம்பரையும் திறந்துவிட்டேன். பாகு ஊற்றுகிற நேரத்தில் மட்டும் கூப்பிடாதே. கடிதத்தையும் நிறுத்திவிடாதே, பழகிவிட்டது.

ஓணம் முடிந்த மறுநாள் சின்ன உறையைப் பிரித்தேன். நெற்றியெல்லாம் வேர்வை, பொட்டு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, யாரையோ பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறேன். கேமராவுக்குப் பின்னால் நின்ற உன்னைத்தான் என்று நினைக்கிறேன். நன்றாகத்தானடி இருந்திருக்கிறேன்! கொஞ்சம் அழுதேன்.

சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த மோனிஷா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரென்று கேட்கப் போகிறாள் என்று எனக்குப் படபடப்பு. அவள் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, “அம்மா, நீ போட்டிருந்த அந்த மாலை இப்ப எங்கம்மா?” என்றாள்.

உன்
சங்கரி