பாலாடையில் உன் பால் இல்லை

அக்கா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. அம்மாவின் கனவில் போனால்கூட வாயைத் திறக்காதே.

உன் மகனுக்குப் புகட்டும் பாலாடை என் எதிரில் இருக்கிறது. கழுவி வைத்தும் பால் வாசனை போகவில்லை. அது உன் பால் இல்லை. இன்று சாயங்காலம் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தவரிடம் அம்மா வாங்கி அவனுக்குப் புகட்டிய பால்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நீ காய்ச்சலோடு உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிய நாள் ஞாபகம் வருகிறது. குறைமாதத்தில் பிறந்த உன் மகன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். எவ்வளவு முயன்றும் பாலாடையின் அடி நனையும் அளவுக்குத்தான் வந்தது. மஞ்சளாக இருந்தது.

"கெட்ட பாலுடி, கீழ ஊத்திடு" என்றாள் அம்மா.

நர்ஸ் ஓடிவந்து தடுத்தார். தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறதாம். குழந்தைக்கே அது செரிக்காதாம். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்குத்தான் அது தீனியாம். அவை பெருகினால் குடல் வீங்கிப் புண்ணாகும் ஆபத்து குறையுமாம். அவசரமாகப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வீக்கம் உயிருக்கே ஆபத்து என்றார்.

நீ அந்த வேதனையிலும் சிரித்தாய். "அப்ப இது இவனுக்கு இல்லம்மா. இவன் வயித்துல வாடகை குடுக்காம குந்திகினு கீறாங்களே, அவங்களுக்கு. அவங்கதான் வாட்ச்மேன்."

அம்மாவும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"வயிறு கல்லு மாதிரி ஆனாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ உடனே தூக்கிட்டு வரணும்" என்று நர்ஸ் சொன்னபோது நீ என் கையைப் பிடித்தாய். "நீ கேட்டுக்கோடி. அம்மா பயத்துல மறந்துடும்." காய்ச்சல் இறங்கவே இல்லை. நீ வீட்டுக்கு வரவில்லை. இவன் மட்டும் வந்தான்.

இன்று இருட்டிய பிறகு இவன் பச்சையாக வாந்தி எடுத்தான். வயிற்றைத் தொட்டால் கையில் இறுக்கமாக முட்டுகிறது. காலை மடக்கிக்கொண்டு முனகுகிறான். அழக்கூடத் தெம்பில்லை.

"தூக்கறப்ப சுளுக்கி உரம் வுழுந்துகீது. காலைல உரம் எடுக்கற ஆயா வந்து பொடவைல போட்டு உருட்டினா சரியாப் பூடும்" என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "ஒருத்திய அங்க இட்டுனு போயி துணி சுத்தி எடுத்தாந்தேன். இவனையும் குடுக்க சொல்றியா?"

அக்கா, அவள் உன் துப்பட்டாவை இவன்மேல் போர்த்தி, பக்கத்திலேயே படுத்து, அழுது அழுது தூங்கிவிட்டாள். அப்பா கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நைட் ஷிப்ட். போன் எடுக்கவில்லை.

அம்மாவின் போனிலிருந்து நூற்றெட்டுக்குக் கூப்பிட்டேன். ஆரம்பாக்கத்தில் ஸ்டேஷனைத் தாண்டி எந்தத் தெரு என்று சொன்னேன். "சைரன் போடாதீங்கண்ணா, அம்மா எழுந்துடுவாங்க" என்றேன். இவனை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அம்மா என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. நீ என் கையைப் பிடித்த பிடி மட்டும் இன்னும் விடவில்லை.

கதவு தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டாள். நான் இவனைத் தூக்கிக்கொண்டு