சாவி என் மடியில்

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? மாலத்தீவில் எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. போனில் சொன்னால் பயப்படுவாய் என்று எழுதுகிறேன்.

நேற்று சுற்றுலாக்காரர்கள் முங்கிப் பார்த்த திமிங்கிலச் சுறா எங்கள் படகுக்கு அடியிலேயே வந்து நின்றது. படகளவு நீளம், ஆனால் சாதுவான மீன். அந்நேரம் அலை படகைப் பாறைப் பக்கம் தள்ளியது. ஓட்டுநர் ஜெபின் எஞ்சினைக் கிளப்பப் போனான். படகுக்கு அடியில் இருக்கும் எஞ்சின் காற்றாடி சுற்றினால் மீனின் முதுகு கிழிந்துவிடும். நம்மூர் மில்லில் ஒருவன் மெஷினுக்குள் கையை விட்டால் பியூஸ் கட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேனே, அப்படியே சாவியை உருவிக் கைலியில் முடிந்துகொண்டேன்.

"மோதப் போறோம், சாவியத் தாரும் ஓய்! அது வெறும் மீனு!"

"உள்ள கை கெடக்கும்போது மெஷின் ஓடாதுல."

பாறை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தபோதுதான் மீன் வாலசைத்துப் போனது. உடனே சாவியைக் கொடுத்தேன், தப்பினோம்.

எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேள், இல்லையென்றால் இராஜபாளையத்துக்கே போ என்கிறார் படகு முதலாளி. மன்னிப்பும் கேட்க மாட்டேன், ஊருக்கும் வர மாட்டேன். ஆகவே மாங்காய் வற்றலும், முடிச்சு நழுவாத கைலி ஒன்றும் அனுப்பு. இங்கே எல்லோருக்கும் நான் 'பெருசு'தான். பதிலில் என் பெயரை முழுதாக எழுது.

முதலாளி கூப்பிடுகிறார். முடியாதென்று சொல்லிவிட்டு வருகிறேன்.

பால்சாமி