அம்மாவின் தும்மல்

மார்கழி 8, இரவு

அம்மா ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கு மாலை கட்டுகிறாள். பூவின் மேல் தும்மிவிட்டால் அந்தக் கூடை கோயிலுக்கு ஆகாது. வேலையே போய்விடுமோ என்ற பயத்தில், அலர்ஜிக்குக் கொடுத்த மூக்கு ஸ்ப்ரேயை இன்று டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் அடித்துக்கொண்டு போயிருக்கிறாள். தும்மல் நின்றது. ஆனால் கட்டிக்கொண்டே தூங்கி வழிந்திருக்கிறாள்.

“பெருமாளுக்குக் கட்டுறியா, தலகாணிக்குக் கட்டுறியான்னு என்கூடக் கட்டுறவளே கேட்டுட்டாடி.”

“இந்த மருந்துக்குச் சிலருக்குத் தூக்கம் வரும்மா. அளவு கூடினா இன்னும் வரும்.”

“தொண்டையெல்லாம் வேற கசப்பு.”

“அண்ணாந்து அடிச்சியா?”

“மூக்குக்கு மருந்துன்னா அண்ணாந்துதானே விடணும்?”

இன்றைக்கு இனி வேண்டாம் என்று பாட்டிலை வாங்கி வைத்தேன். கொஞ்சம் தலை குனிந்து அடித்து, உறிஞ்சி இழுக்காமல் மெல்ல மூச்செடுக்க வேண்டும் என்று வெறுங்கையால் செய்துகாட்டினேன். சந்நிதியில் நிற்பவள் போல அம்மாவும் குனிந்தாள். நெற்றியில் ஒரு துளசி இலை இன்னும் ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டேன்.

“அளவா அடிச்சுத் தும்மல் நிக்கலன்னா?”

“நாளைக்கே டாக்டர்கிட்ட கேட்போம்.”

“யாரு, நீயா? வெளியாளப் பாத்தா உனக்குப் பேச்சே வராதே.”

“கேக்குறேம்மா.”

அம்மா தூங்கிவிட்டாள். டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.