ஈடாவுக்குத் துணை

தொம்மலூர்,
வியாழன் இரவு

அன்புள்ள ஹர்ஷா,

மணி பன்னிரண்டரை. இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தை ரக்ஷா தூங்கின பிறகுதான் கை ஓய்ந்தது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், தோஹாவில் ஷிப்ட் நடுவே நீங்களும் தவித்துப்போவீர்கள். அதனால் மெயில்.

ஈடா நம் வீட்டை விட்டுப் போனாலும் போய்விடுவாள். பள்ளிப் பரிமாற்றத் திட்டம் என்று டென்மார்க்கிலிருந்து பதினாறு வயதுப் பெண்ணை ஐந்து மாதத்துக்கு நம்பி அனுப்பினார்கள். எனக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

சாப்பாட்டில் குறையில்லை. ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். பிஸிபேளாபாத்தில் காராபூந்தி போட்டால், பூந்தியை மட்டும் தின்றுவிட்டு ரக்ஷாவோடு சேர்ந்து மறுபடி தட்டை நீட்டுகிறாள்.

தப்பு படுக்கையில்தான். புதிதாக வந்தவர்களை நம் வீடுகளில் தனியாகப் படுக்க விடுவோமா? முதல் ராத்திரியே நானும் ரக்ஷாவும் பாயைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குப் போய்விட்டோம். கதவைத் திறந்தே வைத்தேன். அவள் சிரித்தாள். சரி, பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். தினமும் போனோம்.

நேற்று மௌரீன் ஆன்ட்டி வந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து இந்தத் திட்டத்தில் வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாரே, அவர்தான். "ஏன் அனுஷா, வீடு நடத்தறியா, ஜெயில் நடத்தறியா? கதவ சாத்தினா வந்து திறக்கறியாம். என்னை நம்பலன்னு அழுவுது அந்தப் பொண்ணு" என்றார். வேறு வீடு வேண்டும் என்று ஈடா எழுதியே கொடுத்துவிட்டாளாம். காவல் இல்லை ஆன்ட்டி, துணை என்றேன். "எனக்குப் புரியுது கண்ணு. அவகிட்ட சொன்னியா?" என்றார். சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை, ஹர்ஷா.

சனிக்கிழமை ஆன்ட்டி மறுபடி வருகிறார். போவதா இருப்பதா என்று அன்றைக்கு ஈடா கடைசி முடிவு சொல்ல வேண்டும்.

இன்று ஆள் கூப்பிட்டு, அவள் அறையில் விழாமலிருந்த தாழ்ப்பாளைச் சரிசெய்தேன். சாயங்காலம் அவளிடம், இது எங்கள் வழக்கம், உன்மேல் சந்தேகம் இல்லை என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே தனியாகப் படுத்துத்தான் பழக்கமாம், பயமே இல்லையாம். பிறகு, பயம் உங்களுக்கா என்று கேட்டாள். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பால் பொங்குகிறது என்று சொல்லி அடுப்படிக்கு ஓடிவந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ராத்திரி ரக்ஷா வழக்கம்போல் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். இனி நம் அறையில்தான் என்றதும், "பேடாம்மா, வேண்டாம்மா, ஈடாக்கா பயந்துக்குவாங்க" என்று அழுது, அப்படியே தூங்கிவிட்டாள்.

ஈடாவின் கதவு இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சாத்தியபடியே இருக்கிறது. அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிகிறது. ஹாலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கிளம்பி நாலு மாதம் ஆகிறது. ஈடா வருவதற்கு முன் இந்த வீட்டில் எப்படித் தூங்கினோம் என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தது இந்த மூன்று வாரம்தான்.

சனிக்கிழமை அவள் எதைச் சொன்னாலும் முகம் வாடாமல் கேட்டுக்கொள்வேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் அலையாதீர்கள். லீவு எப்போது என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இரண்டு வரியானாலும் போதும், சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
அனுஷா