போன கூட்டத்துக் குறிப்பு சரிதானா?

1943 ஆகஸ்ட் 12

ஆபீஸ் காகிதங்களில் வருஷத்தை 2603 என்றுதான் போட வேண்டுமாம், ஜப்பான்காரன் உத்தரவு. இது என் டைரி. நான் 1943 என்றே எழுதுவேன்.

குழாயடியில் இன்று நல்ல நெரிசல். எனக்கு முன்னால் நின்ற மல்லிகா திரும்பிப் பார்த்து, "என்னக்கா, கவுன்சிலர் வீட்டம்மாவும் லைன்லதானா?" என்றாள். கிண்டல்தான். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. "தண்ணிக்கு ஆள் பாத்து ஊத்தத் தெரியுமா? நீ நகரு" என்றேன்.

கணவர் பெயரை எழுதக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்தாள். நகர சபையே அச்சடித்துப் போட்டிருக்கிறது, நான் எழுதினால் என்ன குறைந்துவிடும்? சேதுராமன். காஜா பெராங் தெருத் துணிக்கடை சேதுராமன், இந்தியர் சார்பில் சபை உறுப்பினர். கடையில் இப்போது நாலு கைலியும் கொஞ்சம் நூலும்தான் கிடக்கின்றன. அதனால் என்ன? தெருவில் நடந்தால் நாலு பேர் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்கிறார்கள்.

என் பின்னால் தெய்வானை நின்றாள். செட்டிக் கம்பம் என்கிற பக்கத்துக் குடியிருப்புக்காரி. வட்டிக்கடைச் செட்டியார் இல்லை. நாமெல்லாம் கப்பல் ஏறுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்தவர்கள். மலாய்ப் பெண்கள் மாதிரி கெபாயாவும் சாரோங்குமாக இருப்பாள், மலாய்தான் பேசுவாள். தமிழில் 'அக்கா' என்று என்னைக் கூப்பிடுவதோடு சரி. எனக்கு முழங்கால் வலி என்று தெரிந்து என் வாளியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

செப்டம்பர் 6

சபைக் கூட்டம். ஒன்பது மணிக்கு. டோக்கியோ ஒன்பது மணி; நம் சூரியனுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். கோட்டுக்குப் பித்தான் தைத்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை மாதிரி போனார்.

மத்தியானம் வந்தவரை விடவில்லை. என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டேன்.

"என்ன நடக்கும்? எப்பவும் நடக்குறதுதான்" என்றார். முதலில் எல்லோரும் எழுந்து, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்து வணங்க வேண்டும். பிறகு துபாசி போன கூட்டத்தின் குறிப்பை மலாயில் வாசிப்பான். வாசித்து முடித்து "சரிதானா?" என்பான். எல்லோரும் தலையைக் குனிவார்கள். ஜப்பான் அதிகாரி முத்திரை குத்துவார். அதன் பிறகுதான் இன்றைய விஷயங்கள். பாசாரில் மீன் கடைத் தண்ணீர் தேங்குவது. சாலையில் மேயும் ஆடுகளை யார் பிடிப்பது. எந்தத் தெருவிளக்கை அணைத்து எண்ணெயை மிச்சம் பிடிப்பது. பந்தாடும் திடலில் மரவள்ளி நடுவது.

"இதுக்கா கோட்டு?" என்றேன்.

"ஆட்டுக்கும் ஒரு சட்டம் வேணுமில்ல?" என்றார்.

சிரித்தேன். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், ஊரில் சாக்கடை ஓடுவதும் விளக்கு எரிவதும் என் வீட்டுக்காரர் வாயைக் கேட்டுத்தான். சும்மாவா?

செப்டம்பர் 19

மழை. சோப்பு இல்லாமல் சாம்பலில் துணி துவைத்தேன். வேறு ஒன்றுமில்லை.

அக்டோபர் 4

இன்றைக்கும் கூட்டம். வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நம்ம தெருக் குழாயை மூடப் போறாங்க" என்றார், ஏதோ கடை அடைப்பதைச் சொல்வது போல.

புதிய பட்டாள முகாமுக்கு இரும்புக் குழாய் வேண்டுமாம். கிடைக்கவில்லை. அதனால் ஆள் குறைவாக இருக்கும் பொதுக் குழாய்களைத் தோண்டி எடுத்துக்கொள்வார்களாம். ஒவ்வொரு குழாய்க்கும் அதிகாரி கேட்டிருக்கிறார்: உங்கள் ஆட்கள் எத்தனை வீடு? மலாய் உறுப்பினர் என்சே ஓஸ்மான் மலாய் வீடுகளைச் சொன்னார், சீன உறுப்பினர் சீனர் வீடுகளைச் சொன்னார், இவர் நம் வீடுகளைச் சொன்னார். கூட்டிப் பார்த்தால் பக்கத்துத் தெருக் குழாய்க்கு ஆள் நிறைய, நம் குழாய்க்குக் குறைச்சல்.

"டக்குனு கேட்டாரு. நான் டக்குனு சொல்லிட்டேன்" என்றார். கேட்டதும் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. எனக்கும்தான், உள்ளதை எழுத வேண்டும். கேட்டதும் ஊர்க் கணக்கு நாக்கு நுனியில் இருக்க எத்தனை பேரால் முடியும்?

இனிமேல் பெரிய சாலை தாண்டிப் போய்த் தண்ணீர் சுமக்க வேண்டும். முழங்காலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 6

சபை ஆட்கள் வந்து குழாய் மேல் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த கூட்டம் முடிந்ததும் தோண்டுவார்களாம்.

பெண்களெல்லாம் சுற்றி நின்றோம். மல்லிகா என் முகத்தைப் பார்க்கவில்லை. தெய்வானைதான் கேட்டாள், ஏன் என்று. சபையில் வீடுகளை எண்ணியதைச் சொன்னேன். மலாய் வீடு மலாய் உறுப்பினர் சொன்னது, சீனர் வீடு சீன உறுப்பினர் சொன்னது, நம் வீடு என் வீட்டுக்காரர் சொன்னது என்று.

அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "சாயா ஓராங் சியாப்பா புன்யா?"

நான் யாருடைய ஆள்?

செட்டிக் கம்பத்தில் அத்தனை வீடு. அத்தனை வீடும் இந்தக் குழாயில்தான் பிடிக்கிறது. மூன்று பேர் வாயிலும் அவர்கள் விழவில்லை. மலாய் பேசுகிறார்கள், அதனால் நமக்குத் தோன்றவில்லை. மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், அதனால் என்சே ஓஸ்மானுக்குத் தோன்றவில்லை.

எப்படிங்க மறந்தீங்க? தினமும் வாளி தூக்கிக் கொடுக்கிறவளை?

மறந்தது அவர் மட்டுமா? அவர் சொன்னபோது எனக்கு மட்டும் ஞாபகம் வந்ததா?

அக்டோபர் 7

சண்டை. சோறு ஆறிப்போகிற அளவுக்கு.

"தமிழ் பேசுற வீடுதான் கேட்டாருன்னு நெனச்சேன்" என்கிறார்.

"அவரு எங்கே தமிழைக் கேட்டாரு? ஆளைக் கேட்டாரு."

"முடிவு எழுதியாச்சு. ஜப்பான்காரன் எடுத்த முடிவைத் திரும்ப மாத்தச் சொல்லவா? கன்னத்துல அறைவான். அதோட விட்டா புண்ணியம்."

அது உண்மைதான். பாலத்துக் காவல் சிப்பாய்க்குச் சரியாகக் குனியவில்லை என்று வைத்தியர் தேவதாஸை வெயிலில் நிற்க வைத்ததை நானே பார்த்தேன். இருந்தாலும் விடவில்லை. மானம் போகும் என்று பயமா, அடி விழும் என்று பயமா என்று கேட்டுவிட்டேன். எழுந்து கடைக்குப் போய்விட்டார். கடையில் விற்க என்ன இருக்கிறது, போவதற்கு?

அக்டோபர் 8

சோற்றை மூடி வைத்துவிட்டு நான் குழாயடிக்குப் போய்விட்டேன். அவரே போட்டுச் சாப்பிட்டார்.

அக்டோபர் 13

தெய்வானை வழக்கம்போல் என் வாளியைத் தூக்கி வந்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் கம்பத்துக் கிணறு உப்பாம். அலசக் கழுவ ஆகும், குடிக்க ஆகாது. அவள் மாமியார் படுக்கையில் கிடக்கிறாள், நாளுக்குப் பத்துத் தடவை தண்ணீர் கேட்கிறாளாம்.

இன்றைக்கு ஒன்று நடந்தது. இவர் வெற்றிலை போட்டுக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போல், "கூட்டத்துல பாதி நேரம் பழைய குறிப்பைப் படிக்கிறதுலயே போயிடுது" என்று முனகினார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "எல்லாரும் தலையாட்டத்தான் போறீங்கன்னா சரிதானான்னு அந்தத் துபாசி எதுக்குக் கேக்குறான்?" என்றேன்.

இவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"அவன் கேக்குறான் ருக்மணி. கேக்கத்தான் கேக்குறான். இதுவரைக்கும் ஒருத்தனும் பதில் சொன்னதில்ல."

அக்டோபர் 27

இவர் செட்டிக் கம்பத்துக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கி எண்ணிவிட்டு வந்திருக்கிறார். எல்லா வீட்டிலும் ஏதாவது குடிக்கச் சொன்னார்களாம். வயிறு முழுக்க இஞ்சித் தண்ணீர். கேலி செய்தேன். சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று.

நவம்பர் 1

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நானும் தெய்வானையும் சபை கூடுகிற ஆற்றோரத்துச் சிவப்புக் கட்டடத்துக்குப் போனோம். உள்ளே விடவில்லை. தாழ்வாரத்தில் நின்றோம், சன்னல் திறந்திருந்தது. கிழக்கே பார்த்து வணங்கினார்கள். நாங்களும் வெளியில் குனிந்தோம், எதற்கு வம்பு.

துபாசி வாசித்தான். பாசார், விளக்கு, மரவள்ளி. பிறகு காஜா பெராங் குழாய், ஆள் குறைவு, எடுக்கப்படும். வாசித்து முடித்து, "சரிதானா?" என்றான். என்சே ஓஸ்மான் குனிந்தார். சீன உறுப்பினர் குனிந்தார்.

இவர் குனியவில்லை. கம்பு மாதிரி நின்றார்.

"சரியில்லை" என்றார்.

துபாசி முகம் வெளுத்துப்போயிற்று. அதை ஜப்பான் பாஷையில் சொல்லவே மாட்டேன் என்கிறான். அதிகாரியே மேஜையைத் தட்டி, என்ன என்று கேட்ட பிறகுதான் சொன்னான்.

இவர் மலாயில் நிதானமாகச் சொன்னார். எழுதினவர் தவறில்லை, நான் சொன்னதுதான் தவறு. எங்கள் பாஷை பேசுகிற வீடுகளை மட்டும் சொன்னேன். எங்கள் சாமியைக் கும்பிடுகிற ஒரு கம்பத்தையே விட்டுவிட்டேன். அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே இந்த ஊருக்கு வந்தவர்கள். அவர்களுக்கு வேறு குடிநீர் இல்லை.

அதிகாரி கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சபையில் பொய் சொன்னாயா என்று கேட்டாராம்.

"பொய் இல்லை, தவறு. தண்டனை எனக்குக் கொடுங்கள், குழாய்க்கு வேண்டாம்."

இதை அவர் சொல்லக் கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அதிகாரி, என்சே ஓஸ்மான் பக்கம் திரும்பினார். மலாய் பேசுகிறார்களே, உங்கள் ஆட்கள் இல்லையா? அவர் யோசித்துத்தான் பேசினார். "பேச்சு எங்களுடையது, சாமி இவர்களுடையது. ஆனால் அந்தக் குழாயில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். பார்த்திருக்கிறேன்." அந்த மனுஷர் நன்றாக இருக்கட்டும். அவர் பேசாமல் இருந்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆள் அனுப்பிப் பார்ப்பதாக அதிகாரி சொன்னார். முத்திரையை அந்த ஒரு விஷயத்தின் மேல் மட்டும் குத்தவில்லை. பிறகு இவரைப் பார்த்துக் கையை நீட்டினார்: கூட்டம் முடியும் வரை நில்.

நின்றார். மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு. கூட்டம் பாட்டுக்கு நடந்தது. சாக்கடை, செமாபோக் பக்கம் உடைந்த மதகு, மறுபடியும் அந்த ஆடுகள். வழக்கமாக எல்லோரையும் கேட்பது போல் துபாசி இவரிடமும் கருத்துக் கேட்டான். இவரும் நின்றபடியே சொன்னார்! ஆட்டைப் பிடித்தால் சொந்தக்காரன் வந்து கேட்க ஒரு வாரம் தவணை கொடுக்க வேண்டுமாம். பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அப்போதும் ஆட்டுக்கு வக்காலத்து! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வெளியே வந்தவருக்குக் கால் மடங்கவில்லை. தெய்வானை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நடந்தோம். பிடித்துக்கொள்ள விடவில்லை. பிடிவாதம். இந்தப் பிடிவாதத்துக்காக எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

எனக்கு இன்றைக்கு இருக்கிற பெருமை, அவரைச் சபைக்கு எடுத்தபோது கூட இல்லை.

நவம்பர் 4

சபை ஆள் வந்து செட்டிக் கம்பத்தில் ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்துவிட்டுப் போனான். நிலையில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி விளக்கு. தெய்வானையின் மாமியார் படுத்த இடத்திலிருந்தே தண்ணீர் கேட்டாளாம். அவன் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

நவம்பர் 8

குழாய் மேல் இருந்த சிவப்புக் கோட்டைச் சுரண்டிவிட்டார்கள்! வேறு எந்தத் தெருக் குழாயையும் தொடவில்லையாம், பழைய மில்லில் கிடந்த இரும்பை எடுத்துக்கொண்டார்களாம். முதலிலேயே அதை எடுத்திருந்தால் என்னவாம்?

மல்லிகா, "கவுன்சிலர் வீட்டம்மா, முன்னால வாங்கக்கா" என்றாள். இன்றைக்கு அதில் கிண்டல் இல்லை. நான் என் இடத்திலேயே நின்றேன்.

டிசம்பர் 3

கூட்டத்துக்கு அழைப்புக் காகிதம் வரவில்லை.

டிசம்பர் 6

அரிசிக்கடை நடராஜன் கோட்டுப் போட்டுக்கொண்டு போவதை வாசலிலிருந்து பார்த்தோம். இனிமேல் இந்தியர் சார்பில் அவர்தானாம். இவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லதாப் போச்சு, கடையைப் பாக்கலாம்" என்றார் இவர். என்ன கடை! இரண்டு கைலி. ஒன்பது மணி ஆனதும் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

யார் கேட்டாலும் சொல்வேன்: தானாக விலகவில்லை, விலக்கினார்கள். எதற்காக என்றும் சொல்வேன்.

டிசம்பர் 20

இப்போதெல்லாம் தெருவில் வணக்கம் குறைந்திருக்கிறது. நடராஜன் வீட்டு வாசலில் இறங்குகிறார்கள். இறங்கட்டும்.

1944 ஜனவரி 12

நாளை போகி. செட்டிக் கம்பத்தில் அதைப் பார்ச்சு என்பார்கள். பொங்கலுக்கு முதல் நாள் இறந்துபோன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைத்து, பிறகு குடும்பம் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது. வெளியாரைக் கூப்பிடுவதில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் இருக்கிறோம், மறுநாள் பலகாரம் வரும், அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் தெய்வானை வந்தாள். எங்கள் கொல்லையில் வாழையிலை அறுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அறுத்துக்கொண்டே, நாளை சாப்பிட உட்காருகிறவர்களை வாய்விட்டு எண்ணினாள். மாமியாருக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று, கொழுந்தனுக்கு, ஓரகத்திக்கு, அக்காவுக்கு, அத்தானுக்கு. நிறுத்தவில்லை, மூச்சு விடவில்லை. எந்த அக்கா, உனக்குத்தான் கூடப் பிறந்தவர்கள் இல்லையே என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையில் இலையோடு என்னைப் பார்த்தாள்.

இந்தப் பஞ்சத்தில் படையலுக்கென்று பிடி பிடியாக அரிசி சேர்த்து வைத்திருப்பாள். அதில் எங்களுக்கும் பங்கு.

உள்ளே வந்து இவரிடம் சொன்னேன். "அவங்களே எண்ணினாங்களா?" என்று கேட்டார்.

"அவங்களேதான்" என்றேன்.

இவருடைய நல்ல வேட்டியைத் துவைத்துக் காயப்போட வேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போகிறேன்.